குட்டிக்குச் சக்கரை

முதலில் வந்தது எறும்பு. அதற்கு நான் என் வீட்டுக்காரரைத்தான் திட்டினேன்.

காலையில் எழுந்து பார்த்தால் குளியலறை மூலையில் கருப்பு எறும்பு சாரை சாரையாகப் போய்க்கொண்டிருக்கும். கழுவிவிட்டால் மறுநாள் திரும்பவும் வரும். எங்கள் வீட்டில் சக்கரை வியாதிக்காரர் என்று இருந்தவர் அவர் ஒருவர்தான். மாத்திரையை ஒருநாள் போடுவார், ஒருநாள் மறப்பார். சாயங்காலம் டீக்கடைக்குப் போய்ச் சக்கரை தூக்கலாக ஒரு டீயைக் குடித்துவிட்டு வந்து, "சக்கரை இல்லாமதாம்மே குடிச்சேன்" என்று சுவரைப் பார்த்துச் சொல்வார். அப்படிப்பட்ட ஆளை விட்டுவிட்டு வேறு யாரைத் திட்டுவது?

"யோவ், எறும்பு மொய்ச்சிக்கினு கீது பாரு. உனுக்கு எவ்ளோ ஏறிக்கீதுன்னு இப்பவாச்சும் தெரியுதா?"

"சத்தியமா நான் இல்லம்மே."

"அப்ப யாரு, எதிர் ஊட்டுக்காரரு வந்து போய்ட்டுப் போறாரா?"

அவர் கோபித்துக்கொண்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்துக்கொண்டிருந்தபோதுதான் பார்த்தேன். வாசலில் படுத்திருந்த குட்டி எழுந்து, என்னைத் திருட்டுப் பார்வை பார்த்துக்கொண்டே குளியலறைக்குள் போய் அந்த மூலையில் உட்கார்ந்து எழுந்தாள். வந்த நாளிலிருந்து வீட்டுக்குள் ஒரு சொட்டு விடாத நாய். அப்புறம் நேராகக் குழாயடி வாளிக்குப் போய்த் தலையை உள்ளே விட்டுக் குடித்தாள், குடித்தாள், குடித்துக்கொண்டே இருந்தாள். வயிறு ஒட்டி, விலா எலும்பு தெரிந்தது. வெயில் காலம், அதனால்தான் இளைத்திருக்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"பாத்தியா, பாத்தியா! நான் இல்லன்னு சொன்னேன்ல!" என்று அவர் துள்ளினார். பேச்சு முடிவதற்குள் அவர் முகம் சுண்டிவிட்டது. எறும்பு மொய்த்தால் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியாததா?

குட்டி எங்கள் வீட்டுக்கு வந்த கதையே ஒரு பொய்யில்தான் ஆரம்பித்தது. நான் மாங்காட்டிலிருந்து கள்ளிக்குப்பத்துக்கு வாழவந்தவள். அவர் இந்தத் தெருவிலேயே பிறந்தவர். அவருடைய அப்பா காலத்தில் இங்கே வயல் இருந்தது, அதில் கூலிக்குப் போனார்கள். இவர் காலத்தில் அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்பெனி இருந்தது, ஸ்பிரிங் செய்கிற இடத்தில் ஷிப்டுக்குப் போனார். கம்பெனியில் கொடுத்த கருப்பு ரெக்ஸின் பை ஒன்று, அவர் தோளைவிட்டு இறங்காது. வீட்டுக்கு வந்ததும் கதவுக்குப் பின்னால் இருக்கிற ஆணியில் மாட்டுவார். ஒரு மழைநாள் வேலை முடிந்து வந்தவர் பையை மாட்டாமல் இடுப்போடு அணைத்துக்கொண்டு நின்றார். பாதி திறந்த ஜிப்பில் ஒரு ஈர மூக்கு எட்டிப் பார்த்தது.

"இத இப்பவே எங்க எடுத்தியோ அங்கியே வுட்டுட்டு வா. இல்ல, நீயும் அங்கியே இரு" என்றேன்.

"மழை பேயுதும்மே. காலைல வுட்டுடறேன்" என்றார்.

அந்தக் காலை வரவே இல்லை. நல்ல பெயராக யோசித்து வைக்கலாம் என்று அதுவரைக்கும் குட்டி என்று கூப்பிட்டோம். அவள் வளர்ந்து வாசலை அடைத்துப் படுக்கிற அளவுக்கு ஆன பிறகும் குட்டியாகவே இருந்துவிட்டாள்.

அவள் எங்கள் நாய் என்று பேருக்குத்தான். சாப்பாடு தெருவெல்லாம். எதிர்வீட்டு அக்கா காலையில் பால் ஊற்றுவார், அதிலும் வெறும் பால் எப்படிக் குடிக்கும் என்று ஒரு ஸ்பூன் சக்கரை போடுவார். மூலையில் புதிதாக வந்த அடுக்குமாடிக்காரர்கள், கம்ப்யூட்டர் வேலைக்குப் போகிற பிள்ளைகள், கிரீம் பிஸ்கட்டைப் பிரித்து வைப்பார்கள். வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலில் சக்கரைப் பொங்கல். சாயங்காலம் டீக்கடையில் ஒரு பொறை ரொட்டி அவளுக்கென்று தனியாக எடுத்துவைத்திருப்பார் கடைக்காரர். நானெல்லாம் சொந்த அண்ணன் வீட்டுக்குப் போனால்கூட எனக்கு அந்த உபசாரம் நடக்காது.

நான் அப்போது ஏற்றுமதித் துணி தைக்கிற கம்பெனியில் டெய்லர். சாயங்காலம் கம்பெனி வேன் என்னைத் தெருமுனையில் இறக்கிவிடும்போது இரண்டு பேரும் டீக்கடை பெஞ்சில் இருப்பார்கள். அவர் கையில் டீ, அவள் வாயில் பொறை. என்னைப் பார்த்ததும் இவர் டம்ளரை மறைப்பார், அவள் ஓடிவந்து என் சாப்பாட்டுப் பையை மோந்து பார்ப்பாள். பிறகு மூன்று பேரும் சேர்ந்து வீட்டுக்கு நடப்போம். எங்கள் பையன் வேலைக்கு வெளியூர் போன பிறகு வீடு வெறிச்சென்று இருந்தது, அதை நிரப்பியது அந்த நடைதான். அப்போது அது சந்தோஷம் என்று எனக்குத் தெரியவில்லை. கால் வலிக்கிறது, போய் அரிசி களையவேண்டும் என்றுதான் நினைத்துக்கொண்டு நடந்தேன்.

முகப்பேரில் ஒரு கால்நடை மருத்துவமனைக்கு ஆட்டோவில் கூட்டிப்போனோம். டாக்டர் சின்னப் பெண். காது ஓரத்தில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து மெஷினில் வைத்துப் பார்த்தாள்.

"சுகர்தாம்மா. ரொம்பவே ஏறியிருக்கு."

"இன்னாம்மா சொல்றே, நாய்க்கெல்லாமா சக்கரை வரும்?" என்று இவர் சிரித்தார். பயந்தால் அவருக்குச் சிரிப்பு வரும்.

"வரும்பா. மாத்திரையெல்லாம் இதுக்குப் பத்தாது. காலையும் சாயங்காலமும் இன்சுலின் போடணும். ஆயுசுக்கும்."

"போடலைன்னா?"

"ரொம்ப நாள் தாங்காதுப்பா."

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. ஏன் என்று எனக்குத்தான் தெரியும். மாத்திரை இனிமேல் உங்களுக்கு வேலை செய்யாது, ஊசிக்கு மாறுங்கள் என்று அவருடைய டாக்டரும் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு தடவையும் இவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுவார். மெஷினில் விரல் நசுங்கியபோது ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு ஷிப்டை முடித்துவிட்டு வந்த மனுஷனுக்கு ஊசி என்றால் வேர்த்துக் கொட்டும். பையனுக்குத் தடுப்பூசி போட்டபோதெல்லாம் நான்தான் பிடித்துக்கொண்டேன், இவர் வெளியே மரத்தடியில் நின்றார். காலில் புண் வந்து ஆறாமல் இழுத்தபோதுகூட, "ஊசி குத்திக்கினு வாழறதுக்கு நான் போயே சேர்றேன்" என்றார். அந்த வார்த்தையை நினைத்து நான் எத்தனை நாள் தையல் மெஷினில் குனிந்தபடியே அழுதிருக்கிறேன்.

என் கம்பெனி வேன் விடிந்தும் விடியாமலும் வந்துவிடும். வேலையிலிருந்து நின்று வீட்டில் இருந்தவர் அவர்தான். அப்படியென்றால் ஊசி போடவேண்டியதும் அவர்தான். குட்டியின் உயிர் இந்தப் பயந்தாங்கொள்ளியின் கையிலா போய்ச் சேரவேண்டும்?

"மொதல்ல சாத்துக்குடில குத்திப் பழகுங்கப்பா" என்று சொல்லிக் கொடுத்தாள் டாக்டர். "அவ சாப்பிட்ட அப்புறம்தான் ஊசி. சாப்பிடலைன்னா போடாதீங்க. எப்பவாவது தள்ளாடினா, ஒடம்பு நடுங்கினா, சுகர் எறங்கிடுச்சுன்னு அர்த்தம். உடனே தேனோ சக்கரைத் தண்ணியோ ஈறுல தடவிட்டுத் தூக்கிட்டு வந்துடுங்க."

லீவு போட்டு முதலில் நான் குத்தினேன். அவர் திண்டாடியபடி சாத்துக்குடியில் பழகினார். சாத்துக்குடியைக் குத்தும்போதே, "அவ்ளோதான், அவ்ளோதான், முடிஞ்சிடுச்சு" என்று அதற்குச் சமாதானம் சொல்வார். நான் சிரித்துச் சிரித்துப் புரையேறிக் கிடந்தேன். பிறகு குட்டிக்குப் போட ஆரம்பித்தார். அதற்கு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். வேகவைத்த கோழியும் காயும் போட்ட தட்டை வைப்பார். அவள் தட்டில் முகத்தைப் புதைக்கிற நேரம் பார்த்துக் கழுத்துத் தோலைத் தூக்கி, "அவ்ளோதான் குட்டி, அவ்ளோதான், முடிஞ்சிடுச்சு" என்று முதலில் சொல்லிவிட்டு அப்புறம் குத்துவார். சாப்பாட்டு ஆசையில் அவளுக்குக் குத்தினதே தெரியாது. அவருக்குத்தான் சட்டை முதுகு நனைந்திருக்கும்.

நான் என் பங்குக்கு வீட்டைச் சுத்தம் செய்தேன். எனக்குக் கோபம் வந்தால் அரைகுறையாக எதுவும் செய்யமாட்டேன். சக்கரை டப்பா, வெல்லம், கற்கண்டு, எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டி எதிர்வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டேன். "ரெண்டு சக்கரைக்காரங்க கீற ஊட்டுல இது எதுக்குக்கா?" என்றேன். தேன் வாங்கி வைக்கவேண்டும் என்பது நினைவில் இருந்தது. ஆனால் வாங்கினால் குட்டிக்குத் தேவைப்படுவதற்குள் இவர் நக்கித் தீர்த்துவிடுவார் என்று வாங்கவில்லை.

கம்பெனியில் மீந்த மஞ்சள் துணியில் குட்டிக்கு ஒரு கழுத்துப்பட்டை தைத்து, அதில் சிவப்பு நூலால் எழுத்துப் போட்டேன். "எனக்குச் சக்கரை. எதுவும் தராதீங்க." அடுக்குமாடிப் பிள்ளைகள் அவள் பக்கத்தில் குந்தி போட்டோ எடுத்தார்கள். டீக்கடைக்காரர், "இன்னாக்கா, நாய்க்கு போர்டு மாட்டிக்கீற?" என்று கேட்டார். எதிர்வீட்டு அக்கா மட்டும், "என் கையால ஒரு வாய் பால் குடிச்சா செத்தா பூடும்?" என்று மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டார். "ஆமா, பூடும்" என்று நான் பட்டென்று சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் கொஞ்ச நாள் அக்கா என்னைப் பார்த்தால் கோலப்பொடியைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆனால் குட்டி தேறினாள். எறும்பு நின்றது. விலா எலும்பு மறைந்தது.

ஆடி மாதம் வந்தது. எங்கள் தெரு அம்மனுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கூழ் வார்ப்போம். வீட்டுக்கு வீடு கூழ் காய்ச்சி, பெண்கள் தலையில் தூக்கிக்கொண்டு மேளத்தோடு போய்க் கோயில் அண்டாவில் ஊற்றவேண்டும். நான் தலைக்குக் குளித்துவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது இவர் குட்டியின் தட்டோடு உட்கார்ந்திருந்தார். தெருவே கோயிலுக்குக் கிளம்பியது. மேளம், ஸ்பீக்கரில் பாட்டு, அதற்கு மேல் சரவெடி.

ஒரு சொம்பு பிரசாதக் கூழோடு நான் திரும்பி வந்தேன். எப்போதும் வாசலுக்கு வருகிறவள் வரவில்லை. கட்டிலுக்கு அடியில் கிடந்தாள். கூப்பிட்டதும் எழுந்திருக்கப் பார்த்தாள், பின்னங்கால் மடங்கிச் சரிந்தாள். தாடை வெடவெடவென்று ஆடியது.

"யோவ்! ஊசி போட்டியா?"

"போட்டேனே. தட்டுல வாய வெச்சா, குத்தினேன்."

"துன்னாளா?"

அவர் தட்டைப் பார்த்தார். நானும் பார்த்தேன். கோழி வைத்தது வைத்தபடி இருந்தது.

"குத்துன ஒடனே வெடி போட்டானுங்கமே. உள்ள ஓடிட்டா. அப்பால வந்து துன்னுவான்னு நெனச்சு நான் மேளம் பாக்க வாசலுக்குப் போய்ட்டேன்" என்றார். குரல் உடைந்துவிட்டது.

கட்டிலை இழுத்துத் தள்ளினோம். அவர் அவளை மடியில் போட்டுக்கொண்டார். கூழை விரலால் வாயில் தடவினேன், உள்ளே போகாமல் வழிந்தது. உப்பும் மோரும் போட்ட கூழ், அதில் சக்கரை ஏது? சமையலறைக்கு ஓடி டப்பாவை ஒவ்வொன்றாகத் திறந்தேன். பருப்பு, மிளகாய்த்தூள், புளி. ஊரில் இல்லாத உஷாராக வீட்டைத் துடைத்து வைத்திருந்தவள் நான்தானே. எதிர்வீட்டுக்கு ஓடினேன், பூட்டு. பக்கத்து வீடும் பூட்டு. எல்லோரும் கோயிலில். திரும்பி வந்தபோது குட்டியின் கண் மேலே செருகிக்கொண்டிருந்தது. "அம்மா தாயே, உனக்குக் கூழ் ஊத்திட்டுத்தானே வந்தேன்" என்று நான் கத்தினேன்.

அவர் குட்டியை என் மடிக்கு மாற்றினார். எழுந்து போய்க் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய அந்த ரெக்ஸின் பையை எடுத்தார். வேலையிலிருந்து நின்ற பிறகும் அதை ஏன் தூக்கிப் போடமாட்டேன் என்கிறார் என்று நான் கேட்டதுண்டு. ஞாபகத்துக்கு இருக்கட்டும்மே என்பார். பழைய டிபன் பாக்ஸை வெளியே எடுத்து வைத்தார். அதற்கு அடியிலிருந்து ஒரு ஊறுகாய் பாட்டிலை எடுத்தார். பாட்டில் முக்கால்வாசி சக்கரை. கூடவே ஒரு கடலை மிட்டாய் பாக்கெட்டும் தரையில் விழுந்தது.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கும் அதற்கு நேரம் இல்லை. பாட்டிலைப் பிடுங்கிக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து அவள் உதட்டைத் தூக்கி ஈறில் தேய்த்தேன். தேய்த்தேன், திரும்பத் தேய்த்தேன். அவர் அவள் தலையைத் தாங்கிக்கொண்டு, "அவ்ளோதான் குட்டி, அவ்ளோதான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வெளியே மேளம் அடித்துக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் ஆனதோ தெரியாது, நாக்கு மெதுவாக வெளியே வந்து என் விரலை ஒரு தடவை நக்கியது. அப்புறம் இன்னொரு தடவை. நான் ஓவென்று அழுதுவிட்டேன்.

முகப்பேர் ஆஸ்பத்திரியில் சாயங்காலம் வரை குளுக்கோஸ் ஏற்றினார்கள். வீட்டுக்குத் தூக்கி வந்து வாசற்படியில் உட்கார்ந்தோம், நடுவில் குட்டி.

"திட்டறதுன்னா இப்பவே திட்டிடுமே. காலைலேர்ந்து எனுக்குப் பேஜாரா கீது" என்றார்.

வாயைத் திறந்தேன். திட்டு வரவில்லை. என் ஆயுசில் அது முதல் தடவை. இந்தத் திருட்டு மனுஷன் ஒளித்துத் தின்ற சக்கரையில்தானே அவள் பிழைத்தாள்?

"திட்டல. ஆனா ஒண்ணு. நாளைக்கே டாக்டராண்ட போறோம். இவளுக்குப் போடற நேரத்துல இனிமே நீயும் போட்டுக்கணும்."

"எனுக்கா?"

"ஒரு நாள் காலைல நீ இப்படிச் சாஞ்சு கெடந்தா நான் எங்கய்யா ஓடுவேன்? எந்த ஊட்டுக் கதவத் தட்டுவேன்?"

அவர் ரொம்ப நேரம் குட்டியின் காதைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "இவளுக்காகத்தான். உனுக்காக இல்ல" என்றார். யாருக்காகவோ, போட்டுக்கொண்டால் போதும் என்று நான் விட்டுவிட்டேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில், கறிவேப்பிலை டப்பாவுக்குப் பக்கத்தில், இரண்டு மருந்து பாட்டில். குட்டியுடையதில் நான் சிவப்பு நூல் கட்டியிருந்தேன். காலையில் வாசற்படியில் முதலில் அவள், அவள் தட்டைக் காலி செய்து நக்கி முடித்த பிறகு ஊசி. மேளம் அடித்த அந்த நாளுக்கு அப்புறம் அந்த வரிசை மாறியதே இல்லை. பிறகு இவர். அவளுக்கு அத்தனை சமாதானம் சொல்கிறவர், தன்னுடைய வயிற்றில் குத்தும்போது பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசமாட்டார். அவள் வந்து அவர் முழங்காலில் தலையைச் சாய்த்துக்கொள்வாள். கால் புண் ஆறியது. எதிர்வீட்டு அக்காவும் கோலப்பொடியிலிருந்து தலையை நிமிர்த்தி, "ரெண்டு பேருக்கும் ஆயிடுச்சா?" என்று கேட்க ஆரம்பித்தார்.

சில வருஷத்தில் குட்டிக்குக் கண் வெளுத்துவிட்டது. இந்த வியாதியில் அப்படி ஆகும் என்றாள் டாக்டர். டீக்கடைக்கு மோப்பத்திலேயே போவாள். நான் கொடுத்தனுப்புகிற கோழித்துண்டை இவர் கடைக்காரரிடம் கொடுப்பார், கடைக்காரர் தன் கையால் அவளுக்குக் கொடுப்பார். அவளைப் பொறுத்தவரை கடை உபசாரம் கடைசிவரை நிற்கவில்லை.

போன தை மாதம் ஒரு மத்தியானம் அவர் மடியிலேயே போய்விட்டாள். ஏரிக்கரைப் பக்கம் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்தோம். மஞ்சள் பட்டையை அவளோடே விட்டுவிட்டேன். அன்று சாயங்காலம் அவர் சாப்பிடவில்லை, ஊசியும் போட்டுக்கொள்ளவில்லை. நானும் கேட்கவில்லை. இவளுக்காகத்தான் என்று அவர் சொன்ன அந்த வார்த்தை மட்டும் என் காதில் ஓடிக்கொண்டே இருந்தது. அவளே இல்லை, இனி யாருக்காகப் போட்டுக்கொள்வார்?

காலையில் நான் இட்லி ஊற்றிவிட்டு அடுப்படியிலேயே நின்றேன். ஃப்ரிட்ஜ் திறக்கிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். சிவப்பு நூல் கட்டிய பாட்டிலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பக்கத்திலிருந்த தன்னுடையதை எடுத்தார். வாசற்படியில் உட்கார்ந்து பனியனைத் தூக்கினார். அவள் உட்காருகிற இடத்தைப் பார்த்தார்.

"அவ்ளோதான் குட்டி, அவ்ளோதான், முடிஞ்சிடுச்சு" என்று சொல்லிவிட்டுக் குத்திக்கொண்டார்.

பிறகு, "ஏம்மே, இட்லி எடுத்துனு வா" என்று குரல் கொடுத்தார். நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு தட்டை எடுத்துப்போனேன்.

அந்தப் பை இன்னும் ஆணியில்தான் தொங்குகிறது. அவருக்கும் ஒருநாள் சக்கரை இறங்கலாம் என்று அந்த ஊறுகாய் பாட்டிலை இப்போது நானே நிரப்பி வைக்கிறேன். சில நாள் அது கொஞ்சம் குறைந்திருக்கும், கேட்டால் சுவரைப் பார்ப்பார். ஆனால் காலை ஊசியை ஒருநாளும் விடவில்லை. இன்றைக்கும் குட்டியைக் கூப்பிட்டு அவளுக்குச் சமாதானம் சொல்லிவிட்டுத்தான் குத்திக்கொள்கிறார்.